ஜீப் டீச்சர் மெக்கானிக்குகளுக்கு வைத்த பரீட்சை

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே டீசல் என்ஜினைத் தொட்டுப் பிழைக்கிறவர்களில், ஜீப் டீச்சரிடம் பதில் சொல்லத் திணறாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பெட்ரோல் மெக்கானிக்குகளில் சிலர் தப்பித்திருக்கலாம். அது அவரவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

டீச்சருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. மாதாமாதம் சம்பளப் பட்டியலில் அதை அடித்தவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய எதிர்வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார். அணைக்கட்டு தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் அரசுப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். நான் ஆபீஸில் இளநிலை உதவியாளர். இருவருக்கும் வீடு வேலூரில் என்பதால் தினமும் அவருடைய ஜீப்பில்தான் போவேன். எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டரும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸும் கூட வருவார்கள்.

அந்த ஜீப்பில் ஏறுவது சுலபம். உட்கார்ந்து போவதுதான் கஷ்டம். ஏற்றத்தில் யாரும் பேசக் கூடாது. என்ஜின் சத்தம் டீச்சர் காதில் விழ வேண்டும். இறக்கத்திலும் பேசக் கூடாது. பிரேக் சத்தம் விழ வேண்டும். சமதளத்தில் தாராளமாகப் பேசலாம். ஆனால் எங்கள் பாதையில் சமதளம் வருவதற்கும் பள்ளிக்கூட கேட் வருவதற்கும் சரியாக இருக்கும்.

ஜீப்பை நாற்பதுக்கு மேல் அவர் ஓட்டியதில்லை. அதனால் எல்லோரும் எங்களை முந்திக்கொண்டு போவார்கள். முந்துகிறவர்களுக்கு டீச்சர் மார்க் போடுவார். மனதுக்குள் இல்லை, நோட்டுப் புத்தகத்தில். ஓட்டுவது அவர், சிவப்புப் பேனாவால் எழுதுவது நான். ஒருநாள் டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினபோது, வளைவில் எங்களை முந்தின லாரி டிரைவர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். டீச்சர் நேராக அவரிடம் போனார்.

“அந்த வளைவுல எங்கள ஓவர்டேக் பண்ணது நீங்கதானப்பா?”

“ஆமாக்கா. இன்னா ஆச்சு?”

“நூத்துக்கு இருபத்தெட்டு. அதுவும் ஹாரன் அடிச்சதுக்குக் குடுத்தது.”

டிரைவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உண்மையான கவலையோடு கேட்டார்: “பாஸ் மார்க் எவ்ளோக்கா?”

இப்படிப்பட்டவருடைய ஜீப் ஒரு ஜனவரி மாதத்தில் புகை கக்க ஆரம்பித்தது. சாதாரணப் புகை இல்லை. நீலமாக, அடர்த்தியாக, சாலையை மறைத்துக்கொண்டு வந்தது. கொசு மருந்து அடிக்கிற வண்டி என்று நினைத்து ஒரு தெருவே ஜன்னல்களைச் சாத்தியது. இன்னொரு தெருவில் ஒரு அம்மா எங்களை நிறுத்தி, “எங்க வீட்டாண்ட தண்ணி தேங்கிக் கீது, அங்கயும் கொஞ்சம் அடிச்சிட்டுப் போங்க” என்றார். டீசலைவிட ஆயிலை ஜாஸ்தியாகக் குடித்தது ஜீப். கடைசியில், பள்ளிக்கு முந்தின ஏற்றத்தில் நாங்கள் மூவரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. பி.டி. மாஸ்டர் மட்டும் சந்தோஷமாகத் தள்ளினார். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அன்றுதான் மற்றவர்கள் உடற்பயிற்சி செய்து பார்த்தாராம்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மலைமேல் இருக்கும் ஊர்களிலிருந்து எங்கள் பள்ளியில் ஏழு பிள்ளைகள் அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத இருந்தார்கள். மலையிலிருந்து வரும் பஸ் கீழே இறங்கும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். பத்து மணிக்குப் பரீட்சை. அதனால் ஒவ்வொரு வருஷமும் தேர்வு நாட்களில் விடியும்போதே டீச்சர் மலையேறி, பிள்ளைகளை ஜீப்பில் அழைத்துக்கொண்டு வந்துவிடுவார். யாரும் அவரைச் செய்யச் சொன்னதில்லை. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை.

தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம். என்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் போட்டுச் சரிசெய்வதா? இல்லை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு என்ஜின் வைப்பதா? சத்துவாச்சாரி முருகேசன் முதல் வழியைச் சொன்னார். “பாடி நல்லா கீது டீச்சர். போர் அடிச்சா போதும், இன்னும் பத்து வருஷம் ஓடும்.” பள்ளிகொண்டா செல்வம் இரண்டாவது வழி. “அது செத்த என்ஜின் டீச்சர். மாத்திட்டு வேலைய பாருங்க.” ஆம்பூர் பஷீர் பாயைக் கேட்டால் அவர் தலையை இடமும் வலமும் மேலும் கீழும் கலந்து ஆட்டினார். பாய் பல வருஷம் தோல் தொழிற்சாலைகளின் ஜெனரேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். டீசல் என்ஜினில் அவருக்குத் தெரியாத நோய் கிடையாது என்பார்கள்.

மூன்று பேர், மூன்று பதில். டீச்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

“ஆபீஸ் சார், ஒரு கொஸ்டின் பேப்பர் டைப் பண்ணணும்.”

“எந்த கிளாஸுக்கு டீச்சர்?”

“மெக்கானிக்குக்கு.”

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனால், கார் நிறுத்துமிடத்தில் மூன்று ஸ்டூல், மூன்று பரீட்சை அட்டை. மூன்று பேரும் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். முருகேசனின் மகள் டீச்சரிடம் இலவசமாகக் கணக்கு படிக்கிறாள். அவரால் மறுக்க முடியாது. செல்வம் டீச்சரின் பழைய மாணவர். கணக்கில் மூன்று முறை ஃபெயிலாகி, இன்னும் அவரைக் கண்டால் எழுந்து நிற்பவர். பாய் மட்டும் வேடிக்கை பார்க்க வந்ததாகச் சொன்னார். வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் ஒரு தாள் கொடுக்கப்பட்டது.

மூன்றே கேள்விகள். ஒன்று: இந்த என்ஜினைப் பிரித்துச் சரிசெய்யலாமா, மாற்றலாமா? காரணம் தருக. இரண்டு: நீலப் புகைக்கும் கறுப்புப் புகைக்கும் உள்ள வேறுபாடு யாது? மூன்று: இந்த ஜீப்பில் உங்கள் மகள் பொதுத்தேர்வுக்குப் போகிறாள் எனில், முதல் விடையை மாற்றுவீர்களா?

ஒரு மணி நேரம் டீச்சர் ஸ்டூல்களுக்கு நடுவே நடந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். முருகேசன் அடிஷனல் ஷீட் கேட்டார். பாய் பத்தே நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருத்தும்போது ஒரு அதிசயம் நடந்தது. நேற்று வரை என்ஜினை மாற்றியே ஆக வேண்டும் என்று நின்ற செல்வம், ‘போர் அடித்தால் பத்து வருடம் ஓடும்’ என்று எழுதியிருந்தார். முருகேசன் தாளிலும் அதே வரி. முருகேசன் ‘பிஸ்டன்’ என்பதைப் ‘பிட்சன்’ என்று எழுதியிருந்தார். செல்வம் தாளிலும் நான்கு பிட்சன்.

“செல்வம், எந்திரி.”

நாற்பது வயது ஆள் எழுந்து நின்றார்.

“இன்னுமா நீ திருந்தல?”

“பக்கத்துல உக்கார வெச்சிட்டீங்க டீச்சர். கண்ணு தானா போய்டுச்சு.”

பாயின் தாளில் முதல் கேள்விக்கு இரண்டே வாக்கியம்: ‘தெரியாது. தெறந்து பாத்தாதான் தெரியும்.’ மூன்றாம் கேள்விக்கு ஒரே வாக்கியம்: ‘யாரு ஏறினாலும் அதே பதில்தான்.’ டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். பிறகு நூற்றுக்கு நூறு போட்டு, சுற்றிலும் வட்டமும் போட்டார். பதினெட்டு வருஷ வேலையில் நான் பார்த்த அவருடைய முதல் நூறு அதுதான்.

ஜீப்பைக் கயிறு கட்டி ஆம்பூருக்கு இழுத்துப் போனோம். பாய் என்ஜினை இறக்கிப் பிரித்தார். டீச்சர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு அளவையும் குறித்துக்கொண்டார். சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன, ஆனால் இன்னொரு முறை போர் அடிக்க இடமிருந்தது. கிராங்கும் நன்றாகவே இருந்தது. தான் சொன்னது சரியா என்று பார்க்க வந்திருந்த முருகேசன் என் தோளைத் தட்டினார். டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவர் அப்பா ஏலத்தில் எடுத்த ஜீப் அது. எல்லோரிடமும் நடுநிலையாகப் பேசினாலும், அந்த என்ஜின் பிழைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாய் மட்டும் சிரிக்கவில்லை. கழுவி வைத்த பிளாக்கின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர், மூன்றாவது சிலிண்டர் பக்கத்தில் நிறுத்தினார்.

“டீச்சர், இங்க ஒரு பேஜார் கீது. கிராக் மாதிரி தெரியுது.”

“அது கீறல் பாய். ஸ்பேனர் பட்டிருக்கும்.”

“இருக்கலாம். மண்ணெண்ணெ தடவித் தொடச்சிட்டு, மேல சாக்பீஸ் தூள் பூசிப் பாக்கலாம். கீறல்னா ஒண்ணும் ஆவாது. கிராக்குன்னா உள்ள போன எண்ண மேல வந்து காட்டிக் குடுத்துடும்.”

டீச்சர் கைப்பையிலிருந்து சாக்பீஸ்களை எடுத்தார். தானே நசுக்கினார், தானே பூசினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பரீட்சை ஹாலில் அவர் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ரிசல்ட்டுக்கு நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளின் நடுவே மெல்லியதாக ஒரு ஈரக் கோடு கிளம்பி, மூன்று விரற்கடை ஓடி நின்றது.

முருகேசன்தான் ஆரம்பித்தார். “வெல்டு வெச்சிடலாம் டீச்சர். நிறைய பேர் ஓட்றாங்க.”

டீச்சர் பாயைப் பார்த்தார். “நிக்குமா பாய்?”

“நிக்கும். எத்தினி நாள்னு மட்டும் கேக்காதீங்க.”

“ஏழு பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இறங்கணும்.” ஒரு நிமிஷம் பிளாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். “வேணாம். மாத்திடலாம்.”

பிறகு கை கழுவப் போனார். சாக்பீஸ் தூள் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாய் ஸ்பேனர்களை அடுக்கினார். முருகேசன் கூரையைப் பார்த்தார். டீச்சர் வரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவர் பழைய டீச்சர்தான். அடுத்த ஞாயிறு, பழைய வண்டிகளை உடைக்கிற ஒரு யார்டுக்கு என்னையும் பாயையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ஒரு என்ஜினைக் காட்டி, ஒரே சாவியில் ஸ்டார்ட் செய்து காட்டினார். டீச்சர் அணைக்கச் சொல்லிவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“இவ்ளோ சூடா இருக்கு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டினீங்களா?”

“லைட்டா டீச்சர். சும்மா.”

“கொஸ்டின் பேப்பர முன்னாடியே பாத்துட்டு வந்த பையன் மாதிரி இருக்கு. ஆறட்டும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க.”

“ஆற மூணு மணி நேரம் ஆவுமே டீச்சர்!”

“அதனாலென்ன?” ஒரு பழைய டயரின் மேல் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, பையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களை எடுத்தார். மூன்று மணி நேரம் திருத்தினார். அதன்பிறகு சாவி போட்டால், அந்த என்ஜின் இருமியது, தும்மியது, கிளம்பவில்லை. கடைக்காரர் உள்ளே போய், மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த இன்னொன்றைக் காட்டினார். விபத்தில் முன்பக்கம் நசுங்கின வண்டியின் என்ஜின். ஜில்லென்று இருந்தது. முதல் சாவியிலேயே கிளம்பியது. ஓடும்போதே பாய் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். புகை வரவில்லை.

“இத முதல்லயே காட்ட வேண்டியதுதானே?” என்றார் டீச்சர்.

“முதல்லயே காட்டியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்களா டீச்சர்?”

டீச்சர் யோசித்தார். “நியாயம்” என்றார். அவர் ஒருவரிடம் தோற்றதை ஒப்புக்கொண்ட ஒரே சம்பவம் இது.

பழைய உரிமையாளரின் காகிதங்கள் கைக்கு வந்து, புது என்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதியும் வாங்கின பிறகுதான் பாயைப் போல்ட் முடுக்க விட்டார். தேர்வுக்கு ஐந்து நாள் முன்னால் ஜீப் வெளியே வந்தது. புகையில்லை, சத்தமில்லை. சத்தமில்லாததுதான் டீச்சருக்குப் பிடிக்கவில்லை. “கிளாஸ் இவ்ளோ அமைதியா இருந்தா, பின்னாடி பெஞ்சுல ஏதோ நடக்குதுன்னு அர்த்தம்” என்று பாதி வழியில் நிறுத்தி பானட்டைத் திறந்து பார்த்தார்.

முதல் தேர்வு நாளன்று நானும் துணைக்குப் போனேன். பனியில் மலையேறினோம். ஏழு பிள்ளைகளும் எண்ணெய் வைத்துத் தலைவாரி, ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு சாலையோரம் நின்றார்கள். திரும்பும் வழியில் ஒரு பெண் பயத்தில் அழ ஆரம்பித்தாள். இறக்கம்தான். ஆனாலும் டீச்சர் பின்னால் திரும்பாமல், “பேசலாம், எல்லாரும் பேசுங்க. சத்தமா பேசுங்க” என்றார். ஒன்பதே காலுக்குத் தேர்வு மையத்தின் வாசலில் ஜீப் நின்றபோது, உள்ளே ஏழு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை நாளும் அப்படியே நடந்தது. ஏழு பேரும் தேறினார்கள். அழுத பெண் இப்போது வேலூரில் நர்சிங் படிக்கிறாள்.

போன வருஷம் டீச்சர் ஓய்வு பெற்று, ஜீப்போடு ஜோலார்பேட்டையில் தம்பி வீட்டுப் பக்கம் குடிபோய்விட்டார். நான் இப்போது பஸ்ஸில் போகிறேன். ஜீப்பைவிட இருபது நிமிடம் முன்னதாகவே அது என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுவிடுகிறது. அந்த இருபது நிமிடத்தை என்ன செய்வதென்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.