இருநூறு கோழியும் மூன்று உருட்டலும்

அன்று களத்தில் நின்றோர் இவர்கள்: இருபத்தாறு வயதும் இன்னும் முடிவாகாத வேலையும் உடைய செந்தூரன், அவனுடைய அக்காளை மணந்ததால் அவனுக்கு அத்தானும், அன்று காலை முதல் பகைவனும் ஆகிய குகதாசன், இருவருக்கும் சோறு போட்டு இருவரையும் ஆளும் அந்த அக்காள் விமலேஸ்வரி, மோட்டார்சைக்கிளை விட்டு இறங்காமலே ஒற்றைக் காலூன்றி நின்ற கூட்டாளி விஜிதரன், அவன் முதுகுக்குப் பின்னால் ஓராள் மட்டும் அமரத்தக்க இடம், கூட்டுக்குள்ளே இருநூறு வெள்ளைக் கோழிகள், கூட்டுக்கு வெளியே, எவருக்கும் அடங்காத பதினொரு நாட்டுக்கோழிகளும் அவற்றின் தலைவனாகிய ஒரு சேவலும்.

வாழ்க செந்தூரன்! உடையார்கட்டின் மரமுந்திரிகைச் சோலையிலே தட்டேந்தி நின்ற தடந்தோளன், உழைப்பைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும் பெருந்தன்மையாளன், காலைப் புட்டை இருமுறை உண்டும் களைக்காத கோளரி வாழ்க! சொல்லுக்கு அதிபதியான தாயே, இவன் கதையைப் பாட என் நாவில் வந்து அமர்வாயாக. அமர நேரமில்லையென்றால் நின்றபடியாவது கேட்பாயாக.

போர் மூண்ட காரணம் இது. இருநூறு கோழிகளுக்கும் அன்று கண்ணில் தடுப்பு மருந்து விட வேண்டும். ஒவ்வொன்றாகப் பிடித்து, இறக்கை அடிக்க, நகம் கீற, தலையைத் திருப்பி, கண்ணுக்கு ஒரு துளி. கூட்டின் கதவுக்கோ உட்பக்கத் தாழ்ப்பாள் இல்லை. அது போன மாரியில் கழன்று விழுந்தது, ஆண்கள் இருவரும் அதைத் திரும்பப் பொருத்தித் தருவதாக ஆறு மாதமாகச் சொல்லி வருகிறார்கள். சும்மா சாத்தினால் கோழிகள் கதவைத் தள்ளி வயலுக்கு ஓடும். ஆகவே உள்ளே போகிறவரை வெளியிலிருந்து பூட்டியே ஆக வேண்டும். இருநூறாவது கோழி முடியும்வரை அவருக்கு விடுதலை இல்லை.

அதே பகலில்தான் நாயாற்றிலிருந்து விஜிதரன் வந்து இறங்காமல் நின்றான். அவன் வீட்டில் நண்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. இருவரையும் வரச் சொல்லியிருந்தான். வண்டியில் ஒருவருக்குத்தான் இடமுண்டு என்பதை வந்த பிறகே நினைத்தான்.

விமலேஸ்வரி அடுப்புப் புகை வரும் குசினி வாசலில் நின்று ஆணை பிறப்பித்தாள்.

"போன ரெண்டு தரமும் நான்தான் விட்டனான். இண்டைக்கு ரெண்டு ஆம்பிளையளில ஒராள் உள்ளுக்குப் போறியள். மற்றாள் எங்கயும் துலையுங்கோ. கலக்கின மருந்து ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல நிக்காது."

"கெதியா முடியுங்கோடா, நண்டு ஆறுது" என்றான் விஜிதரன்.

இப்படிப்பட்ட வழக்குகளை அந்த வளவில் தட்டு எறிந்தே தீர்ப்பார்கள். கனடாவிலிருக்கும் மூத்தண்ணன் யோகநாதன், சாக்லேட் வரும் என்று எல்லோரும் காத்திருந்த பெட்டியில், டிஸ்க் கோல்ஃப் விளையாடும் தட்டுகள் மூன்றை அனுப்பியிருந்தான். தூரத்தில் நிற்கும் சங்கிலிக் கூடையை நோக்கி எறிவதே ஆட்டம். குகதாசன் ஒரு சைக்கிள் றிம்மில் பழைய சங்கிலிகளைத் தொங்கவிட்டு, இரும்புக் கம்பத்தில் ஏற்றிக் கூடை செய்தான். நீலத் தட்டு அவனுக்கு, வெள்ளை செந்தூரனுக்கு. விளையாட்டுச் சாமான் என்று தெரியாத விமலேஸ்வரி, செம்மஞ்சள் தட்டை முதல் நாளே நாட்டுக்கோழிகளுக்குத் தீன் வைக்க எடுத்துவிட்டாள். தெரிந்த பிறகும் திருப்பித் தரவில்லை.

மரமுந்திரிகைக் கிளைகள் இடுப்பளவில் படர்ந்து கிடந்ததால் தட்டை ஆகாயத்தில் பறக்கவிட வழியில்லை. சரித்து எறிந்து, விளிம்பால் நிலத்தில் விழுத்தி, சைக்கிள் சில்லைப் போல் உருட்ட வேண்டும். மூன்று உருட்டல், மூன்று வகை. எவன் தட்டு கம்பத்துக்குக் கிட்டக் கிடக்கிறதோ அவன் அந்தச் சுற்றை வெல்வான். தூரத்தை விமலேஸ்வரி தன் செருப்பால் அளப்பாள்.

"அத்தான், இண்டைக்கு நீங்கள் கோழியோட, நான் நண்டோட" என்று முழங்கினான் செந்தூரன்.

"உன்ர தட்டு அந்தக் கம்பத்தைக் கண்டால் நான் மீசையை எடுக்கிறன்ரா."

"நீங்கள் மீசையே வைக்கேல்லையே!"

முதற்போர் முன்கை உருட்டல். குகதாசன் உள்ளங்கை முன்னே வர மணிக்கட்டைச் சொடுக்கினான். மதங்கொண்ட களிறு சங்கிலி அறுத்துப் புறப்பட்டது போல நீலத்தட்டு சருகைக் கிழித்துக்கொண்டு வலப்புறம் வளைந்து, நிமிர்ந்து, பின் இடப்புறம் மடங்கி, கம்பத்திலிருந்து பதினான்கு செருப்புத் தூரத்தில் படுத்தது. செந்தூரனின் வெண்தட்டோ பாற்கடலில் எழுந்த நிலவு போல எழுந்தது, அரைவழியில் விழுந்து கிடந்த ஓர் அழுகிய முந்திரிகைப் பழத்தில் ஏறியது, சறுக்கியது, செத்தது.

இரண்டாம் போர் வெட்டுருட்டல்: தட்டை அளவுக்கு மேல் சரித்து, கடைசிவரை நிமிரவிடாமல், அரிவாள் வளைவில் ஓடவைப்பது. குகதாசனுடையது வளைந்தது, மேலும் வளைந்தது, வளைவதை நிறுத்த மறந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. செந்தூரனுடையது மூன்று மரங்களைச் சுற்றி, மன்னன் நகர்வலம் வருவது போல மெல்ல, ஆறுதலாக வந்து, ஆறு செருப்பில் அமர்ந்தது.

"ஆளுக்கொண்டு" என்றாள் விமலேஸ்வரி, மருந்துப் போத்தலை ஐசுக்குள் திருப்பி வைத்தபடி. "இன்னும் ஒரு மணித்தியாலந்தான்."

மூன்றாவது புறங்கை உருட்டல். குகதாசன் வாய்க்காலில் முழங்காலளவு இறங்கித் தட்டை எடுத்து இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்து, மார்போடு கையை மடக்கி வீசினான். ஒன்பது செருப்பு. நல்ல எறி. அவன் ஏற்கெனவே விஜிதரனின் வண்டியை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தான்.

அப்போதுதான் நம் தலைவனின் நெஞ்சிலே அந்தப் பேரறிவு பிறந்தது. புதிய தட்டு முரடு; விளிம்பு தேய்ந்த தட்டே புறங்கையில் கனிந்து திரும்பும். இரண்டு மாதமாக அலகால் கொத்துப்பட்டு, மணலில் இழுபட்டு, விளிம்பு மழுங்கிய தட்டு ஒன்று அந்த வளவில் இருந்தது. கோழிகளின் நடுவே பாய்ந்து அந்தச் செம்மஞ்சள் தட்டைப் பறித்தான். அதன் உட்புறத்தில் காய்ந்த தவிடு அப்பியிருந்தது.

"டேய், அது கோழிச் சாமானடா" என்றாள் அக்காள்.

"இதுதானக்கா தட்டு!"

எறிந்தான். இதற்கு முன் அச்சோலையில் அப்படியொரு எறி இல்லை. உதயசூரியன் தேரை விட்டிறங்கித் தானே சில்லாகி ஓடினாற்போல, செம்மஞ்சள் தட்டு இடப்புறம் சரிந்து முதல் மரத்தைக் கடந்து, நிமிர்ந்து, கிளைகள் எல்லாம் தலைவணங்கி வழிவிட்டனவோ என்னும்படி நடுவே பாய்ந்து, வலப்புறம் இளகித் திரும்பி, நேரே கம்பத்தை நோக்கி உருண்டது. குகதாசன் நின்றான். விஜிதரன் எஞ்சினை நிறுத்தினான். செந்தூரனின் மூக்குக்கு நண்டின் மணம் முப்பது கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து எட்டியது.

ஆனால் அத்தட்டை நோக்கி இன்னும் பன்னிரண்டு சோடிக் கண்கள் இருந்தன. காலையும் மாலையும் அந்தச் செம்மஞ்சள் நிறம் அசைந்தால் தீன் வருகிறது என்பது தவிர, அக்கண்களுக்குரியோர் வேறெதுவும் கற்றதில்லை. உருள உருளத் தவிடும் உதிர்ந்தது. பதினொரு பேடுகளும் கழுத்தை நீட்டி, சிறகை விரித்து, கொக்கரித்துத் திரண்டு, நாற்படையும் ஒருமுகமாய் எழுந்தது போலப் புழுதி கிளப்பிப் பின்தொடர, சேவலோ பக்கவாட்டில் பறந்து முன்னே குதித்து, உருளும் சூரியனை நெஞ்சிலே ஏற்று, அதைத் தலைகுப்புற வீழ்த்தி, அதன்மேல் ஏறி நின்று கூவியது.

விமலேஸ்வரி செருப்பைக் கழற்றி அளந்தாள்.

"பதினொண்டு."

"கோழி மறிச்சது கணக்கில்லை! அக்கா, திருப்பி எறியிறன்!"

"நீ தீன் தட்டைக் காட்டினனி, அதுகள் வந்ததுகள். கோழியில என்ன பிழை?"

"இது அநியாயமக்கா!"

குகதாசன் அதற்குள் ஏறி அமர்ந்துவிட்டான். "உனக்கு ஒரு கால் கொண்டு வாறன் மச்சான்" என்றான்.

"நண்டின்ர காலோ, அத்தான்?"

"ஓம், சின்னக் கால்."

வண்டி புழுதியோடு மறைந்தது. மண்ணில் சாய்ந்த மகாவீரன், விண்ணை நோக்கி விழியுயர்த்தி, விதியையும் சேவலையும் ஒருங்கே சபித்து, தோல்வியிலும் தாழாத தோளோடு கூட்டை நோக்கி நடந்தான்.

விமலேஸ்வரி மருந்துப் போத்தலை அவன் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினாள்.