கடுகு வெடித்த கருத்தரங்கு

பொறாமைப்படக் கூடாது என்று எங்கள் பாலக்கரைக் கோயிலில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவள் நான். எனக்கே பொறாமை வந்தபோது மட்டும் அதை நெஞ்செரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன். (மாத்திரைகூடப் போட்டேன்.)

அந்த எரிச்சலின் பெயர் வைதேகி. ஸ்ரீரங்கத்துப் பெண். நாங்கள் படித்த கிறிஸ்தவக் கல்லூரியில் அவள் கணிதம், நான் தாவரவியல். சொந்தத் துறைக்கு வெளியே ஒரு பாடம் எல்லோரும் படித்தே ஆக வேண்டும். நான் வேதபாடம் எடுத்தேன். அப்பா பங்குக் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். தொட்டிலிலேயே படித்து முடித்த பாடம் என்ற திமிர். வைதேகியும் அதையே எடுத்தாள்.

முதல் வாரமே எழுந்து நின்றாள். "சிஸ்டர், இயேசு சொன்ன உவமையில கடுகு பெரிய மரமாகி அதுல பறவையெல்லாம் வந்து தங்கும்னு வருது. ஆனா கடுகு செடிதானே? தெரியாமயா சொல்லியிருப்பாங்க? இல்ல, நம்மள யோசிக்க வைக்கணும்னே சொன்னாங்களா?"

சிஸ்டர் பூரித்துப்போனார். "இதுக்குத்தாம்மா எல்லாப் பாடமும் படிக்கணும்கிறது!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடி படிப்பவள் நான். உபதேசியார் மகள் நான். அந்தக் கேள்வி நியாயமாக எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்?

அதோடு விட்டாளா? சந்தேகம் கேட்க வீட்டுக்கே வந்தாள். அப்பா அவளோடு சாயங்காலம் முழுக்கப் பேசினார். அம்மா அவளுக்கென்று தனியாக வாழைக்காய் வறுத்தார். (எனக்கு ஜுரம் வந்தால்கூட ரசம்தான்.) அவள் போனதும் அப்பா சொன்னார்: "என்னமா யோசிக்குது அந்தப் பொண்ணு! நீயும் கொஞ்சம் யோசியேன் ஜெனி."

யோசித்தேன். அதுதான் வினை.

பருவ முடிவில் ஒரு கருத்தரங்கு; நன்றாகப் பேசுபவருக்குப் பரிசு. வைதேகியும் பேசுகிறாள். 'கல்லூரிப் படிப்பு விசுவாசத்தை வளர்க்குமா, கரைக்குமா?' ஓய்வுபெற்ற பேராசிரியரான ஒரு முதிய ஃபாதர் நடுவர். என் அப்பா மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட சட்டையில். அறிவியலையும் விசுவாசத்தையும் ஒரே அடியில் இணைத்துக் காட்டி வைதேகியை மண்ணைக் கவ்வ வைப்பதென்று, வீட்டு இண்டக்ஷன் அடுப்பையும் வாணலியையும் மேடைக்கே கொண்டுபோயிருந்தேன்.

"கடுகளவு விசுவாசமும் துன்பம் என்னும் சூட்டில்தான் தன் சக்தியைக் காட்டும்!" என்று முழங்கி, புகைந்துகொண்டிருந்த எண்ணெயில் ஒரு கைப்பிடி கடுகைக் கொட்டினேன்.

காட்டியது. நடுவரின் வெள்ளை அங்கியில், மூக்குக் கண்ணாடியில், சிஸ்டரின் முக்காட்டில் எல்லாம் விசுவாசம் தெறித்தது. நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினேன். முன்வரிசை இருமியது. வைதேகிதான் தாவி ஏறி அடுப்பை அணைத்து, பரிசுக்காக வைத்திருந்த தட்டை எடுத்து வாணலியை மூடினாள்.

புகை அடங்கியதும் ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார். "இங்க வாம்மா. நீ என்ன படிக்கிற?"

"தாவரவியல், ஃபாதர்."

"வறுத்த விதை முளைக்குமா?"

"முளைக்காது, ஃபாதர்."

"அப்ப விசுவாசத்தை வளத்தியா, வறுத்தியா?"

அப்பா குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார். நான் அழத் தயாரானேன். அப்போது வைதேகி என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "முளைக்காதுதான் ஃபாதர். ஆனா மணக்குமே! ஜெனி சொன்னது ஹால் முழுக்கப் பரவிடுச்சு பாருங்க."

ஃபாதர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அரங்கம் கைதட்டியது, அவளுக்கு. தோற்றது நான்; அந்தத் தோல்வியிலும் பெயரைத் தட்டிக்கொண்டு போனவள் அவள். முதல் பரிசும் அவளுக்கே. அடி கருகிய அந்தத் தட்டு இன்றும் ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது.

வைதேகி இப்போது என் நெருங்கிய தோழி. (வேறு வழி? அம்மா அவளைத் தத்தெடுக்காத குறை.) சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்டால் போதும், அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுப்பார்: "ஜெனி, விசுவாசம் வெடிக்குது, தள்ளி நில்லு!" என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இந்தக் கதை மனப்பாடம். ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு வைதேகி வந்தால் அவள் வாயால் கேட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. என்னைவிட அவள் நன்றாகச் சொல்கிறாளாம்.

சொல்கிறாள்தான். அதுதான் இன்னும் எரிகிறது.