கிப்பாஸ் அண்ணன் புதைத்த முனியாண்டி

பேராக் மாநிலத்தில் கிப்பாஸ் அண்ணனைப் போல் காத்தாடி பழுது பார்க்கவும் ஆள் கிடையாது; பழுது பார்த்த காத்தாடியை அவரைப் போல் திருப்பித் தராமல் வைத்திருக்கவும் ஆள் கிடையாது. அப்பா அம்மா வைத்த பெயர் என்று அவருக்கு ஒன்று இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. காத்தாடிக்கு, அதாவது மின்விசிறிக்கு, மலாயில் கிப்பாஸ். ஆகவே அவர் கிப்பாஸ் அண்ணன்.

அப்போது நான் செமோரில் குடியிருந்தேன். எங்கள் தாமான் குடியிருப்பு பழைய ஈயச் சுரங்கத்து மணலின்மேல் கட்டியது. ரப்பர் தோட்டம் கைமாறியபோது லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள்தான் அங்கே பாதிப் பேர். மர நிழலிலேயே வளர்ந்தவர்களைக் கொண்டுவந்து வெள்ளை மணலில் விட்டால் எப்படி இருக்கும்? வெயில் காலத்தில் செருப்பில்லாமல் துணி காயப் போடப் போனவர்கள் பரதநாட்டியம் ஆடிக்கொண்டே திரும்புவார்கள். வாழை நட்டால் இலை விடும், குலை தள்ளாது. வீடு கட்டிய நிறுவனம் அந்த இடத்துக்கு ஏதோ பூவின் பெயரை வைத்திருந்தது. நாங்கள் பாலைவனம் என்றே சொன்னோம்.

அந்தப் பாலைவனத்தில் ஒழுங்காக வளர்ந்தது ஒரே ஒரு பலாமரம். அது கிப்பாஸ் அண்ணன் வீட்டுக் கொல்லையில் நின்றது. அதன் கீழே சட்டி, குண்டான், செத்துப்போன ரைஸ் குக்கரின் உள்பாத்திரம் என்று எதெதிலோ தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார். கொசு வருமே என்று கேட்டால், "தெனம் காலைல கொட்டிட்டு வேற ஊத்துறேன்லா. ஒங்க வீட்டுப் பூச்சாடிய மொதல்ல பாருங்க" என்பார். வட்டாரத்துப் பறவைகள் எல்லாம் வெயிலுக்குப் பயந்து அங்கேதான் வந்து விழும். அவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலை முதல் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். காத்தாடி வேலை? அது பறவைகள் பார்த்து அனுமதி கொடுத்தால் நடக்கும்.

ஏனென்றால், பழுதுக்கு வந்த காத்தாடிகளை அந்த மரத்தைச் சுற்றிக் கம்பி கட்டித்தான் மாட்டியிருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டைத் துண்டு தொங்கும். அதில் உரியவர் பெயர். குளித்து முடித்த பறவைகள் அந்தக் காத்தாடிகளின் மேல் உட்கார்ந்து இறகு உலர்த்தும். அண்ணனுக்குக் காக்காயையும் கோழியையும் தவிர வேறு எந்தப் பறவையின் பெயரும் தெரியாது. தெரியாததை நினைத்து அவர் கவலைப்படவும் இல்லை. எந்தப் பறவை யாருடைய காத்தாடியில் உட்கார்கிறதோ, அவர் பெயரே அதற்கும் பெயர்.

குழப்பம் இங்கேதான் ஆரம்பம்.

நான் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்தேன். அட்டையில் என் பெயர் 'வாத்தியார்'. ஒருநாள் புழுக்கம் தாங்காமல் போய், "அண்ணே, என் கிப்பாஸ் ஆச்சா?" என்று கேட்டேன்.

"உஷ்! வாத்தியார் தூங்குறாரு."

திரும்பிப் பார்த்தேன். என் காத்தாடியின் உச்சியில் ஒரு புறா கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கண்மூடி இருந்தது.

"எந்திரிச்சுப் போகட்டும். அப்புறமா எடுத்துத் தாரேன்."

நான் எப்போது எழுந்திருப்பேன் என்று நானே அரைமணி நேரம் காத்துக்கொண்டு நின்றேன். நான் எழுந்திருக்கவில்லை. வேர்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இதாவது பரவாயில்லை. ஒருநாள் காலையில் தேநீர்க் கடையில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நேத்து நம்ம செல்வி கொல்லப்பக்கம் வந்து ரொம்ப நேரம் குளிச்சிச்சு. குளிச்சிட்டு முனியாண்டி பக்கத்துல போயி ஒக்காந்துகிட்டு ஒரே பேச்சு" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் செல்வி அக்காவின் கணவர். அடுத்த பத்தாவது நிமிடம் புருஷன் பெண்டாட்டி இருவரும் அண்ணன் கொல்லையில் நின்றார்கள். அக்கா கையில் விளக்குமாறு.

அண்ணன் பதறவே இல்லை. ரைஸ் குக்கர் பாத்திரத்தைக் காட்டினார். மஞ்சள் வயிறும் கறுப்புக் கண்ணுமாக ஒரு குருவி அதில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது.

செல்வி அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இது நானாண்ணே? அழகாத்தான்லா இருக்கேன்" என்றார். அவர் கணவர் மட்டும் குருவியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

ஆனால் முனியாண்டி விஷயம் அப்படி முடியவில்லை.

முனியாண்டி எங்கள் தெருவில் தனிக்கட்டையாக இருந்த லோரி ஓட்டுநர். பாகான் செராய் ஆலையிலிருந்து அரிசி ஏற்றி வருவார். ஹுத்தான் மெலிந்தாங்கில் அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பழுது பார்ப்பவர். குடும்பத்தில் ஒரு கல்யாணம் நடந்தபோது பத்திரிகையில் தம்பி பெயரை முதலில் போட்டு, அண்ணன் பெயரை அடுத்ததாகப் போட்டுவிட்டார்கள். அச்சகத்தில் செய்த தவறு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. தீபாவளிக்கும் இல்லை, அம்மாவின் திதிக்கும் இல்லை.

அந்த வருடத்து வெயிலில் மிக மோசமான ஒரு நாள். மதியம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் கிப்பாஸ் அண்ணன் குரல் வந்தது. குரல் உடைந்திருந்தது.

"முனியாண்டி போயிட்டான்லா. காலைலகூட நல்லாதான் இருந்தான். வெயில் தாங்கல அவனுக்கு. தண்ணிகிட்ட வந்து விழுந்துட்டான்."

முனியாண்டியைக் கைப்பேசியில் அழைத்தோம். கிடைக்கவில்லை. பாகான் செராய்ப் பக்கம் ஏதாவது வாய்க்கால் ஓரத்தில் லோரியை நிறுத்திவிட்டு விழுந்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். கிப்பாஸ் அண்ணனைக் கேட்கலாம் என்றால் அவர் அழைப்பை எடுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார், விடுங்கள் என்றார் செல்வி அக்கா. சொல்லிவிட்டு அந்தக் குரல் பதிவைத் தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினார். அது சுற்றிச் சுற்றி ஹுத்தான் மெலிந்தாங்குக்கும் போயிற்று.

சாயங்காலத்துக்குள் முனியாண்டி வீட்டு வாசலில் பந்தல் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தேநீர்க் கடைக்காரர் பெரிய கேனில் டீ அனுப்பினார். ரோஜா மாலை வந்தது. முனியாண்டி மட்டும்தான் வரவில்லை. உடல் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பழைய வேன் வந்து நின்றது. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு முனியாண்டியின் அண்ணன் இறங்கினார். வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கிறார்.

"யாரு பாத்தது என் தம்பிய?"

எல்லோரும் கிப்பாஸ் அண்ணன் வீட்டைக் காட்டினோம். நாங்களும் பின்னாலேயே போனோம். பலாமரத்தடியில் அண்ணன் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"எங்கய்யா என் தம்பி?"

"பொதைச்சிட்டேண்ணே."

"என்னா?"

"வெயில்ல எவ்ளோ நேரம்ணே வெச்சிருக்க முடியும்? எறும்பு வந்துருச்சு. அந்தா, மரத்துக்குக் கீழதான். பிஸ்கட் டின்னுல வெச்சு, கொஞ்சம் அரிசியும் போட்டு..."

முனியாண்டியின் அண்ணன் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்தார். "பிஸ்கட் டின்னுலயா? டேய், என் தம்பிய என்னாடா பண்ணே?" என்று கத்தினார். மணலிலேயே உட்கார்ந்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். "பத்திரிகைல எவன் பேரு மொதல்ல இருந்தா என்னாடா? நான் ஒரு போன் போட்டிருக்கலாமேடா!"

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"என் வீட்டு முன்னாடி என்னாலா கெமா, பந்தலெல்லாம்? யாரு செத்தது?"

கைப்பேசியில் சார்ஜ் இல்லாமல், தலையில் தவிட்டுத் தூசியோடு, முனியாண்டி நின்றார். செல்வி அக்கா ஓர் அலறல் அலறினார். முனியாண்டியின் அண்ணன் தலையைத் தூக்கினார். எழுந்தார். நேராகப் போய்த் தம்பி கன்னத்தில் ஓர் அறை விட்டார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டார். முனியாண்டிக்கு அறையும் புரியவில்லை, அணைப்பும் புரியவில்லை. "வாண்ணே. எப்போ வந்தே? சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

கிப்பாஸ் அண்ணன் எழுந்து நின்று நிதானமாக விளக்கினார்: "இவரு முனியாண்டி. அது முனியாண்டியோட கிப்பாஸ். செத்தது அதுமேல ஒக்கார்ற முனியாண்டி. இதுல என்னா கொழப்பம்?"

சிரிக்கலாமா என்று நாங்கள் தயங்கினோம். முதலில் சிரித்தது முனியாண்டியின் அண்ணன்தான். வாங்கிய மாலையை வீட்டுக்குக் கொண்டுபோக யாருக்கும் மனம் வரவில்லை. முனியாண்டியே அதை எடுத்துப் பலாமரத்தடியில் போட்டார். பந்தலைப் பிரிக்கும்வரை சகோதரர்கள் இருவரும் அதன் கீழேயே உட்கார்ந்து அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இப்போது ஈப்போ நகரத்தில், அடுக்குமாடியில் இருக்கிறேன். எல்லா அறையிலும் ஏர்கோன் உண்டு. இந்த வருடம் வெயில் ஏறியதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மேசைக் காத்தாடியை எடுத்து, ஒரு திருகாணியைத் தளர்த்திவிட்டு, காரில் வைத்துக்கொண்டு செமோருக்குப் போனேன்.

கிப்பாஸ் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே கெடலியேலா."

"சத்தம் வருதுண்ணே."

"அப்ப வெச்சிட்டுப் போ. ரெண்டு மாசம் ஆகும்."

"அவசரம் இல்லண்ணே. வாராவாரம் வந்து பாத்துக்கிறேன்" என்று சொல்லி, அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.