இரண்டு கூடை எலுமிச்சம்பழம்

விருந்தாளியாகத் தங்கியிருந்த வீட்டில் இரண்டு கூடை எலுமிச்சம்பழம் வந்து இறங்கியதைப் பார்த்து, எனக்குக் கட்டாயக் கல்யாணம் நடக்கப் போகிறது என்று நம்பியவன் நான். நம்பியதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. ஓடினேன். என்ன உடுத்திக்கொண்டு ஓடினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். (உடுத்தியது என்பதே கொஞ்சம் அதிகம்.)

நான் பினாங்கில் பிறந்தவன். அப்பா பிள்ளைப் பிராயத்தில் கப்பலேறியவர். அவருடைய அக்கா மட்டும் தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே இருந்துவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்கு இருபத்து நாலு வயதானபோது, அப்பாவுக்குத் திடீரென்று பூர்வீகத்தின் மேல் பிரியம் பொங்கிவிட்டது. "ஊருக்குப் போ. முன்னோர் பேரையெல்லாம் எழுதிக்கிட்டு வா. நான் பிறந்த வீட்டு வாசல்ல ஒரு பிடி மண்ணும் எடுத்துக்கிட்டு வா" என்றார்.

எனக்குப் புறப்படப் பயம். காரணம் கோகிலம். பினாங்குப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். அவளைத்தான் கட்டுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

"மேலகரத்துல அத்தை மகள் ஒருத்தி இருக்காளாமே?" என்றாள் கோகிலம், துறைமுகத்தில். "தாலி கட்டிட்டு வந்தீங்கன்னா கப்பலை விட்டு இறங்க வேணாம். அப்படியே திரும்பிப் போயிருங்க."

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியபோதே அந்த வாக்கியம் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். மாமா முதுகில் தட்டினார். அத்தை மகள் செல்லம் எதிரே வரவில்லை. கதவிடுக்கிலிருந்து வளையல் போட்ட கை ஒன்று தண்ணீர்ச் செம்பை நீட்டியது. நான் அந்தக் கையைக்கூடப் பார்க்காமல் செம்பை மட்டும் பார்த்தேன். அவ்வளவு கற்பு.

மறுநாள் தொப்பியும் நோட்டுப் புத்தகமுமாக என் ஆராய்ச்சி தொடங்கியது. தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா பேர் என்ன?" என்று கேட்டேன். அப்பா பிறந்த வீடு என்று ஒரு வீட்டுத் தூணைக் கட்டிப்பிடித்து அழுதேன். அது ஓர் எண்ணெய் வியாபாரியின் வீடாம். அப்பா பிறந்தது அடுத்த தெருவாம். சரி என்று அங்கே போய் முதலிலிருந்து அழுதேன். மூன்றாம் நாள், வாசல் மண்ணை அள்ளிப் பாட்டிலில் அடைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செத்துப்போனவர்களின் பெயர்களை மறந்துவிடாமலிருக்க வாய்விட்டுச் சொல்லியபடி தெருவில் நடந்தேன். சனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். (மரியாதை என்று நினைத்தேன்.)

இதற்கிடையில் முறுக்கு மீசைப் போலீஸ்காரர் ஒருவர் தினமும் அத்தை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் கேட்பார். குடிப்பார். மறுபடியும் தண்ணீர் கேட்பார். அத்தை அவரை வாசலோடு நிறுத்தி, ஏதோ முணுமுணுத்துத் திருப்பி அனுப்புவாள்.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம்தான் கூடைகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் மாட்டுத் தொழுவத்திலிருந்து அத்தையும் மாமாவும் பேசுவது சுவரைத் தாண்டிக் கேட்டது.

"இவன இப்படியே திருப்பி அனுப்புனா என் தம்பி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நாளைக்கு வெடிஞ்சதும் முடிச்சிருவோம். பழம் புளியங்குடியிலேருந்து வந்துட்டு. நாலு ஆளுக்குச் சொல்லியாச்சு."

"பயலுக்குத் தெரியப்படாது, ஆமா. தெரிஞ்சா ஓடிருவான்."

"ஓடுனா பிடிக்கத்தான் போலீஸையே கூட்டிட்டுப் போறமே."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பினாங்கில் கல்யாண வாசலில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்துத்தான் வரவேற்பார்கள். இரண்டு கூடை என்றால் எத்தனை விருந்தாளி! மாப்பிள்ளை தப்பாமலிருக்கப் போலீஸ் காவல் வேறு! அப்போதே ஓடியிருப்பேன். ஆனால் அத்தை உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும், "குத்தாலத்துல சாரல் நல்லா விழுது, குளிச்சுட்டு வருவோம் மருமவனே" என்று மாமா வண்டியில் ஏற்றினார். பின்னால் இன்னொரு வண்டியில் பெண்கள். என் காலடியில் கூடைகள்.

அருவிக்கரையில் என் வேட்டி சட்டையைக் கழற்றிக் கோவணத்தோடு நிறுத்தினார்கள். உச்சி முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெய். நலுங்கு ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்துபோயிற்று. நாலு தடியர்கள் என்னைப் பிடித்து அருவிக்கடியில் தள்ளினார்கள். வலக்கை போலீஸ்காரர் வசம். மாமா பழங்களை நறுக்கி என் தலையில் பரபரவென்று தேய்த்தார். சாறு கண்ணில் வழிந்தது.

"மாமா, வேண்டாம்! எனக்கு வேற பொண்ணு இருக்கா!" என்று அலறினேன்.

"பொண்ணாம்லே!" என்றார் மாமா, மற்றவர்களைப் பார்த்து.

"எங்கன இருக்கா?" என்று ஒருவர் மிகுந்த பணிவோடு, என் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டார்.

"கடலுக்கு அந்தப் பக்கம்! காத்துக்கிட்டிருக்கா! என்னை விடமாட்டா!"

"பேரு? பேரச் சொல்லு!"

"கோகிலம்!"

"பேரச் சொல்லிட்டாளே!" என்று மாமா ஆனந்தக் கூச்சல் போட்டார். "இனி எறங்கிருவா! ஏலே, இன்னும் பத்துப் பழத்த நறுக்கு!"

அந்தச் சமயத்தில் என் வலக்கைப் பிடி தளர்ந்தது. எண்ணெய் உடம்பு. நழுவினேன். கோவணத்தோடு கடைத்தெருவில் ஓடினேன். யாரும் திடுக்கிடவில்லை, குற்றாலத்தில் இப்படி அடிக்கடி யாராவது ஓடுவார்கள் போலிருக்கிறது. வடை சுட்டுக்கொண்டிருந்த ஒருவரின் முன்னால் போய் விழுந்தேன்.

"அண்ணாச்சி, காப்பாத்துங்க! எனக்குப் பலவந்தமாக் கல்யாணம் பண்ணி வைக்காங்க!"

அவர் வடையைத் திருப்பிப் போட்டார். "ஆடி மாசத்துலயா?"

"ஆமா!"

"ஆடியில எவம்யா கல்யாணம் வைப்பான்? ஒன்னயச் சரியான எடத்துக்குத்தான் கூட்டியாந்திருக்காக. போ, போயி இன்னுங் கொஞ்சம் குளி."

மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "கல்யாணமா? கிறுக்குப் பயலுக்கு எவன்லே பொண்ணு குடுப்பான்? செத்தவுகளத் தேடிக்கிட்டு அலையுத. கண்ட தூணையெல்லாம் கட்டிக்கிட்டு அழுவுத. மண்ண அள்ளிப் பாட்டில்ல அடைக்க. போதாததுக்குப் பொம்பளப் பேயி பேரு வேற சொல்லுத. பித்தந் தெளியட்டும்னுல்லா இம்புட்டுப் பழம் வாங்குனேன்!"

கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தலையைத் துவட்டியபடியே ஏழு தலைமுறைப் பெயரையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். அவளை யாரும் அருவிக்கு இழுத்துப் போகவில்லை.

கோகிலம் என்னைக் கப்பலை விட்டு இறங்க அனுமதித்தாள். இன்றைக்கும் நான் அந்த நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால், என் மனைவி ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். பிள்ளைகள் கத்தியைக் கொண்டுவருகிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். செல்லத்துக்கு வைகாசியிலேயே கல்யாணம் முடிந்திருந்தது. புதுப்பெண்ணை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். ஆடி முடிகிறவரை புருஷன் கிட்டே அண்டக்கூடாது. அந்தப் புருஷன்தான் இரண்டு முறை தண்ணீர் கேட்ட போலீஸ்காரர். என் வலக்கைப் பிடி தளர்ந்த நேரத்தில், பெண்கள் குளிக்கும் பக்கமிருந்து செல்லம் ஈரத்தலையோடு வெளியே வந்திருக்கிறாள்.