மாமாவை எடைக்குப் போட்ட கதை

"தெரியாது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியை மிச்சம் பிடிக்கப் போய், திருக்கனூர் கடைத்தெருவில் ஒரு பகல் முழுக்க வேர்க்கடலை தின்றுகொண்டே அழுதவன் நான். இதை வெளியில் சொல்லக் கூடாது என்றுதான் பல வருடம் இருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் மற்ற எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதனால் நானே சரியாகச் சொல்லிவிடுவது நல்லது.

எழுபதுகளின் கடைசி. நான் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு. திருக்கனூரிலிருந்து தினம் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போவேன். இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்திருந்தேன். அந்த மொழி மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். மனப்பாடம் செய்தால் மார்க் கொட்டும் என்று சீனியர்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு பாடம்தான் எனக்கு முழுசாக ஏறியது. ஒரு குடும்பம் ரயில் நிலையத்துக்குப் போகிறது. அப்பா டிக்கெட் எடுக்கிறார், அம்மா பெட்டியைப் பிடித்துக்கொள்கிறாள், ரயில் வருகிறது. பரீட்சையில் என்ன கேள்வி கேட்டாலும் நான் அந்தக் குடும்பத்தை ரயில் ஏற்றிவிடுவேன். (பாதி மார்க் போடுவார்கள். பாவம், அவர்களும் மனிதர்கள்தானே.)

அந்த வருடம் தாவரவியலுக்குப் புதிதாக ஒரு பேராசிரியர் வந்தார். வீணாகும் ஒவ்வொரு காகிதமும் ஒரு மரத்தின் உயிர் என்று பேசினார். துறைகளுக்கு இடையே பழைய காகிதம் சேர்க்கும் போட்டி வைக்கலாம் என்றார். மறுசுழற்சி என்ற வார்த்தை அப்போது எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாங்கள் "பழைய பேப்பர் போட்டி" என்றே சொன்னோம். ஒரு வாரம் சேர்க்க வேண்டும், வெள்ளிக்கிழமை எடை போட வேண்டும், அதிக எடை கொண்டுவரும் துறைக்குக் கேடயம். ஏற்பாட்டுக்கு ஆள் கேட்டபோது கை தூக்கியது நான். திருக்கனூரில் பழைய பேப்பர் வாங்கும் ஜமால் பாய் எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். தராசும் வண்டியுமாக அவரை வரவழைத்ததும் நான்தான். அன்று முதல் நான் நடக்கிற நடையே மாறிவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

மரத்தின் உயிரைக் காப்பாற்றும் எண்ணம் புதன்கிழமையே செத்துவிட்டது. வேதியியல்காரர்கள் மூட்டைகள் மேல் தண்ணீர் தெளித்தார்கள். (சோதனைக் குழாயில் அளந்து தெளித்ததாகக் கேள்வி.) கணிதத்துறை மூட்டையில் செங்கல் இருந்தது. தமிழ்த்துறை மாணவர்கள் சுவரில் இருந்த சினிமா போஸ்டர்களைக் காய்ந்த பசையோடு உரித்து வந்தார்கள். தாவரவியல் பேராசிரியரின் சொந்தக் குறிப்பு நோட்டுகள் இரண்டு காணாமல் போய், தாவரவியல் மூட்டையிலேயே அகப்பட்டன. ஆனால் இவர்கள் யாரும் எங்களுக்குப் போட்டியில்லை. போட்டி வணிகவியல்தான். அங்கே படித்தவர்களில் பாதிப்பேர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒவ்வொருவனும் கடைப் பரணிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கினான். வரலாற்றில் நாங்கள் முப்பத்து மூன்று பேர், அதில் பத்துப் பேர் வருகைப் பதிவுக்கு மட்டும் வருகிறவர்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தோல்வி நிச்சயம். ஏற்பாடு செய்தவனின் துறையே தோற்றால் எப்படி வெளியே தலைகாட்டுவது? வீடு திரும்பியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுத்துக்கேணிக்குப் போனேன். அங்கே பச்சையம்மா அத்தை, அப்பாவின் அக்கா, தனியாக இருந்தாள். அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். மாமா இறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவருடைய தகரப் பெட்டி நிறையக் காகிதம் இருப்பது எனக்குத் தெரியும்.

அத்தைக்கும் அந்தப் பெட்டி காலியானால் நல்லதாக இருந்தது. "உளுந்து கொட்டி வெக்கத் தோதா இருக்கும்டா. எலி தொல்ல தாங்கல" என்றாள். ஆனாலும் உடனே கொடுத்துவிடவில்லை. பெட்டியைத் திறந்து, மேலே இருந்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் புரியாது. நீதான் பிரெஞ்சு படிக்கிறியே. இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு படி, கேப்போம்."

இங்கேதான் அந்த ஒரு விநாடி. தாளைப் பார்த்தேன். பழுப்பு மை, முத்திரைகள், கோடு கோடாகக் கட்டங்கள். ஒன்றும் புரியவில்லை. அத்தை முகத்தைப் பார்த்தேன். அண்ணன் தம்பி பிள்ளைகளில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் வாய் திறக்கப் போகிறான் என்று காத்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்து, "லா ஃபமீய் அரீவ் அ லா கார்..." என்று ஆரம்பித்தேன். குடும்பம் ரயில் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டது.

அத்தை வாயில் கை வைத்துக் கேட்டாள். "மாமா பேசற மாதிரியே இருக்குதுடா!" என்றாள். கண்கூட லேசாகக் கலங்கியது. (அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை, பெருமையாக இருந்தது. அதை இப்போது எழுதக் கை கூசுகிறது.)

"சரி, அதுக்கு அர்த்தம் இன்னா?"

"கம்பளி வாங்கின ரசீது அத்தே."

"எல்லாமேவா?"

இரண்டு தாள்களைப் புரட்டினேன். "சட்டை, பூட்ஸ், கம்பளி. எல்லாம் சாமான் வாங்கின ரசீதுதான். இனிமே யாருக்கு உதவும்?"

"நல்லாப் பாத்தியாடா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். நல்லாப் பார்த்தேன் என்றேன்.

மறுநாள் ஜமால் பாய் தராசைப் பிடித்தார். வணிகவியலை நாங்கள் மூன்று கிலோவில் வென்றோம். மாமாவின் பெட்டிச் சரக்கு நாலு கிலோ. கேடயத்தை வாங்கிக்கொண்டு, வரலாற்றைப் பாதுகாப்பது எங்கள் கடமை என்று நான் மேடையில் பேசினேன். கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலையில் அத்தை திருக்கனூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகம் பளிச்சென்று இருந்தது. மாமாவோடு பட்டாளத்தில் இருந்த அந்துவான் என்பவர் முதல் நாள் புதுச்சேரியிலிருந்து வந்து பார்த்தாராம். மாமா போன பிறகு அவள் பேருக்குப் பென்ஷன் வரும், எழுதிப் போட்டு வாங்கித் தருகிறேன் என்றாராம். அதற்கு மாமாவின் பட்டாளத்துப் புத்தகமும் கூட இருக்கும் தாள்களும் வேண்டும். வெள்ளிக்கிழமை திரும்பவும் வருவார்.

"பொட்டியிலதான் இருக்கும்னு சொன்னாரு. எங்க தம்பி புள்ள எல்லாத்தையும் படிச்சிட்டு எடுத்துக்கினு போயிருக்குது, அதுக்குத் தெரியும்னு சொல்லிட்டேன். புத்தகம் ஒண்ணு இருந்துதாடா?"

ஒற்றை மாட்டை வைத்துக் காலம் தள்ளுகிறவள். அந்தப் பென்ஷன் வந்தால் யாரையும் கேட்காமல் இருந்துவிடலாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பத்திரமா இருக்குது அத்தே. நானே எடுத்துக்கினு வரேன்" என்றேன். அதுவும் ஒரு விநாடிதான் ஆனது.

ஜமால் பாய் கடைக்கு ஓடினேன். அவர் நிதானமாகச் சொன்னார். "அந்த பிரெஞ்சுக் காய்தமா தம்பி? நல்ல கெட்டிக் காய்தமாச்சே. செய்தித்தாள் மாதிரி எண்ணெ ஊறாது. சனிக்கெழமையே எல்லாரும் போட்டி போட்டு வாங்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்ட் கடலைக்காரரு பாதி, பக்கோடாக் கடை பாதி."

பஸ் ஸ்டாண்டில் கடலைக்காரர் ஒரு பொட்டலம் சுருட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் பிரித்தேன். கடலைக்கு நடுவே மாமா என்னைப் பார்த்தார். தொப்பி போட்டு, மீசை முறுக்கி, தாளில் ஒட்டியிருந்த சின்ன போட்டோவில். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணே, இந்தக் காய்தம் எல்லாத்தையும் குடுத்துடுங்க" என்றேன்.

"காய்தத்தக் குடுத்துட்டு நான் கடலைய இன்னா கையில குடுக்கறதா? கடலையோட வாங்கிக்கிறதுன்னா வாங்கிக்க."

வாங்கினேன். சுருட்டி வைத்த பொட்டலம் அத்தனையும் வாங்கினேன். கடலையை எங்கே போடுவது? சட்டைப் பை, கால்சட்டைப் பை, வாய். விழுப்புரம் பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் ஒருவர் மாமாவின் ஊதா முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தார். பஸ்ஸோடு கூடவே ஓடினேன். "ஐயா, கடலைய நீங்களே வெச்சிக்குங்க, காய்தத்த மட்டும் குடுங்க!" அந்த மனிதர் கடலையை மடியில் கொட்டிக்கொண்டு தாளை விட்டெறிந்தார். பைத்தியத்தைப் பார்ப்பது போல் கடைசிவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பட்டாளத்துப் புத்தகம் பக்கோடாக் கடையில் ஆணியில் தொங்கியது. முன் அட்டை போயிருந்தது, உள்ளே சில தாள்களைக் கிழித்துவிட்டிருந்தார்கள். கடைக்காரர் கீழே கிடந்த கசங்கல்களையும் பொறுக்கிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். மூன்று நாள் அந்தத் தாள்களைப் பாடப்புத்தகங்களுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். எண்ணெய் போகவில்லை, வாசனையும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சுத்துக்கேணியில் அந்துவான் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். காகிதக் கட்டை நீட்டினேன். அத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாடா பக்கோடா வாசன அடிக்குது?"

"கொஞ்சம் எண்ணெ பட்டுடுச்சி அத்தே."

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. "இவன் ஜோரா பிரெஞ்சு படிப்பான், கேளுங்க" என்று மாமாவின் போட்டோ ஒட்டிய தாளையே எடுத்து என் கையில் கொடுத்தாள். "வேணாம் அத்தே" என்றேன். "கூச்சப்படறான்" என்றாள். அந்துவான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் தன் வழக்கப்படி திறந்துகொண்டது. குடும்பம் நிலையத்துக்கு வந்தது. அப்பா டிக்கெட் எடுத்தார்.

அந்துவான் கை உயர்த்தி நிறுத்தினார். "தம்பி, இதுல ரயிலு எங்க வருது?"

அத்தை அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அன்னிக்குப் படிச்சது?"

"அதுவும் ரயிலுதான் அத்தே. எனக்கு அந்த ஒரு பாடம்தான் தெரியும்." அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போட்டி, கேடயம், கடலை, பக்கோடா, எல்லாம்.

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்துவான் பக்கம் திரும்பி, "நீங்க படிங்க" என்றாள். அவர் எண்ணெய்க் கறை மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்துத் தமிழில் சொன்னார். பிறந்த ஊர், சேர்ந்த நாள், உயரம். கொஞ்சம் கீழே வந்து நின்றார். "இது நீங்கதான். பெண்டாட்டி, பச்சையம்மாள், சுத்துக்கேணி."

"எங்க?"

அவர் காட்டினார். அத்தை அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். அடுத்த தாளிலும் கேட்டாள், அதிலும் இருந்தது. எங்கெங்கே போனாரோ அங்கெல்லாம் அவள் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார் மனிதர்.

நான் எட்டிப் பார்த்தேன். அது சாதாரண இங்கிலீஷ் எழுத்து. ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிற அதே எழுத்து. என் அத்தை பெயரைக் கண்டுபிடிக்கப் பிரெஞ்சு தெரிய வேண்டியதே இல்லை, குனிந்து பார்த்திருந்தால் போதும். நான் தாளைப் பார்க்கவே இல்லை, தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடலைக்காரர் முன்னால் வந்ததைவிடப் பெரிய அழுகை அப்போது வந்தது.

அத்தை ஒன்றே ஒன்று சொன்னாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு இன்னாடா வலிக்குது?"

கிடைக்காமல் போன தாள்களுக்கு நகல் வாங்க ஒன்றரை வருடம் ஆனது. ஒவ்வொரு நடைக்கும் அத்தையைப் புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அந்துவான் வீட்டில் காத்திருக்கும் நேரத்தில் அவர் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார், ரயிலில் ஏறாத பிரெஞ்சு. பென்ஷன் வந்தது. அத்தை அதற்குப் பிறகு ரொம்ப காலம் நன்றாகவே இருந்தாள். வருகிற கடிதத்தையெல்லாம் என்னிடம்தான் கொடுப்பாள். கொடுக்கும்போது, "தெரிஞ்சா படி. இல்லன்னா ரயில் ஏறாத" என்பாள். அது அப்படியே வீட்டில் தங்கிவிட்டது. எங்கள் குடும்பத்தில் யார் தெரியாததைத் தெரிந்தது போல் பேசினாலும் "ரயில் ஏறிட்டான்" என்று சிரிக்க ஒரு கூட்டமே இருக்கிறது.

போன மாதம் நெஞ்சில் ஏதோ பிடித்துக்கொண்டு, டெஸ்ட் எல்லாம் எடுத்து ஒரு கட்டுத் தாளோடு வீட்டுக்கு வந்தேன். மகள் பதறிப்போய் ஓடிவந்து கேட்டாள், "இன்னாப்பா எழுதியிருக்குது?"

தாளைப் புரட்டினேன். பெரிதாக ஒன்றுமில்லை, வாயுத் தொல்லைதான் என்று ஆரம்பித்தேன். உள்ளே குழம்பு தாளித்துக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"ரயிலு எதுவரைக்கும் வந்துக்கினு இருக்குது?"

நான் தாளை மகளிடம் கொடுத்தேன். "எனக்குத் தெரியல. நாளைக்கு டாக்டரையே கேக்கலாம், நீயும் கூட வா" என்றேன்.