அதிகாரியின் மணிக்கட்டு

அரசு ஊழியரின் இதயமும் அரசுச் சொத்தே என்பதால், அதைப் பேணிக் காக்கும் பொருட்டு எல்லா அதிகாரிகளுக்கும் துடிப்பை அளக்கும் கைக்கடிகாரம் வழங்கப்பட்டது. துடிப்பு நூறைத் தாண்டினால் அது கத்தும். கத்தினால் கைவேலையை உடனே நிறுத்திவிட வேண்டும். உத்தரவு அப்படி.

நல்ல உத்தரவுதான், யார் இல்லையென்றது? ஆனால் என் வீட்டுக்காரருக்கு இதயம் மெதுவாகத் துடிக்கிற வியாதி. பேஸ்மேக்கர் வைக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு உதவித்தொகை வேண்டும், உதவித்தொகைக்கு அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அவரோ பேனாவை எடுத்தாலே கடிகாரம் வீல் வீலென்று கத்தியது.

"பாத்தீங்களாம்மா? நான் போடத்தான் நினைக்கிறேன். இதயம் ஒத்துழைக்க மாட்டேங்குது."

"கழட்டி வெச்சிட்டுப் போடுங்க சார்."

"கழட்டுனா நான் பணியில இல்லைன்னு ஆயிடும். பணியில இல்லாதவன் கையெழுத்து செல்லுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரைக் காட்டினேன். "அப்ப ரெண்டு நிமிஷம் இவர் கையில கட்டுங்க. இவருக்குத்தான் துடிப்பே ஏறாதே!"

அதிகாரிக்கு யோசனை பிடித்துவிட்டது. கடிகாரத்தை இவர் கையில் கட்டிவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார். அதற்குள் கடிகாரம் தலைமை அலுவலகத்துக்குச் சேதி அனுப்பிவிட்டது: துடிப்பு மிகக் குறைவு, அதிகாரியின் உயிருக்கு ஆபத்து.

எங்களுக்கு ஒரு நாளும் வராத ஆம்புலன்ஸ் பறந்து வந்தது.

"யோவ், அதிகாரி நான்தான்யா!"

"கடிகாரம் யார் கையில இருக்கோ அவர்தான் சார் அதிகாரி. வழிய விடுங்க."

இவரைத் தூக்கிப்போய், ஒரு காகிதம்கூடக் கேட்காமல் பேஸ்மேக்கர் வைத்துவிட்டார்கள். மகராசர்கள், என் வயிற்றில் பால் வார்த்தார்கள்.

கடிகாரத்தைக் கழற்றும் அதிகாரம் யாருக்கும் வழங்கப்படவில்லை. ஆகவே உடம்பு தேறியதும் இவரையே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இவர் பேனாவை எடுத்தார். கடிகாரம் வாயே திறக்கவில்லை. மெஷின் வைத்த நெஞ்சு, எழுபதிலேயே நின்றது. இத்தனை நிதானமான அதிகாரி இத்துறைக்கு வாய்த்ததே இல்லையென மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வேறு.

நேற்று சாப்பாடு கொண்டுபோனேன். பழைய அதிகாரி தன் வேலையைக் கேட்டு, மனுவும் கையுமாக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு பெண் நெஞ்சைப் பிடித்தபடி நிற்க, அவள் புருஷன் அழுதே விட்டான். இவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "ஒரு நகல் குறையுது. அடுத்த மாசம் வாங்க" என்றார்.

"ஏங்க, பாவமா இல்லையா உங்களுக்கு? நாமளும் இப்படித்தானே நாயா அலைஞ்சோம்!"

இவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்லையேம்மா," என்றார். "எழுபதுதான் காட்டுது."