அண்ணன் கழுத்தில் நாலு கிலோ

எனக்குத் திமிர் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், பட்டமும் வாங்கியவள் நான். கொஞ்சம் திமிர் இல்லாவிட்டால்தான் தப்பு. அதனால், அண்ணன் கல்யாண வரவேற்பில் நடந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

அண்ணன் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். பெண் வீட்டாருக்கு பிரேசர் டவுனில் சொந்த வீடு. நாங்கள் ஈஜிபுராவில் வாடகைக்கு. அவர்கள் முன்னால் நாங்கள் மட்டமாகத் தெரியக் கூடாதே என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

"உங்கண்ணனுக்கு புது பத்து ரூபா நோட்டுல மாலை போடணும்டி. ஐயாயிரத்துக்கு. மேடையில எல்லாரும் பாக்கணும்."

"பேங்க் வேலைய என்கிட்ட விடும்மா."

பேங்கில் புது நோட்டு இல்லை. "நோட் இல்லா மேடம். காயின் இதே, பேக்கா?" என்று கன்னடத்தில் கேட்டார் கவுன்ட்டரில் இருந்தவர். வேண்டும் என்று ஐயாயிரத்துக்கும் பத்து ரூபாய்க் காசாகவே மூட்டையாக வாங்கிவந்தேன்.

அம்மா முகம் சுருங்கியது. "இத கடைக்காரனே வாங்க மாட்டேங்கிறான்."

"நோட்டு கிழியும், காசு கிழியுமா? படிச்சவ சொல்றேன், கேளும்மா."

ஜரிகை ரிப்பனில் பிளாஸ்டிக் கவர்களை வைத்து ஸ்டேப்லர் அடித்து, கவருக்குப் பத்துக் காசாக அடைத்தேன். தூக்கிப் பார்த்தால் நாலு கிலோ இருக்கும். (யோசித்தேன். ஆனால் அண்ணனுக்கு நல்ல கழுத்து.)

மேடையில் மாலையைப் போட்டேன். தகதகவென்று மின்னியது. "சிரிங்க சார்" என்றார் போட்டோக்காரர். அண்ணன் சிரித்துக்கொண்டே குனிந்தான். முதலில் தலை, பிறகு தோள், பிறகு இடுப்பு. "பாப்பா... கழுத்து..." என்றான். மாப்பிள்ளை தன் காலில் விழுகிறார் என்று நினைத்த மாமனார், "நல்லா இருங்க மாப்ளே" என்று தலையில் கைவைத்து ஓர் அழுத்து அழுத்தினார். மாலை அறுந்ததற்கு அந்த அழுத்தம்தான் காரணம். என் ஸ்டேப்லர் வேலையில் குறையில்லை.

காசுகள் மேடையிலிருந்து உருண்டு ஐஸ்கிரீம் வரிசைவரை போயின. வேறு காசாக இருந்தால் பிள்ளைகள் பாய்ந்திருப்பார்கள். அன்று ஒரு பிள்ளைகூடக் குனியவில்லை.

பெண்ணின் அத்தை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். "அய்யே, பத்து ரூபா காயினா? செல்லாத காசா தேடிப் புடிச்சு மாலை கட்டியிருக்காங்க!"

நாலு பேர் சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகும் நான் சும்மா இருப்பேனா? கச்சேரியில் பாடிக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"செல்லும்! இது அரசாங்கத்துப் பணம்! வாங்க மாட்டேன்னு சொல்றதுதான் தப்பு!"

மண்டபம் அதிர்ந்தது. டிரம்ஸ்காரர் பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்போது மணப்பெண், அதாவது என் புது அண்ணி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினார். முந்தானையை விரித்துக் காசுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"அத்தை, கொஞ்சம் கால எடுங்க. உங்க செருப்புக்கடியில எங்க காசு இருக்கு."

அத்தை காலை எடுத்தார். அம்மா நிமிர்ந்தார். அதன் பிறகு மண்டபமே குனிந்து பொறுக்கியது.

இப்போதும் எந்தக் கடைக்காரராவது பத்து ரூபாய்க் காசைத் திருப்பித் தள்ளினால் போதும், அண்ணி அங்கே கிடக்கும் முள்ளங்கியை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டுவார். "பேசுங்க நாத்தனாரே, மைக் ரெடி." நானும் கூச்சப்படாமல் வாங்கிப் பேசுவேன். முழுதாகக் கேட்கும் பொறுமை இதுவரை எந்தக் கடைக்காரருக்கும் இருந்ததில்லை. காசை எடுத்துக் கல்லாவில் போட்டுவிடுகிறார்கள்.